ஜோடி சேராத கதவு

வணக்கம். கவுலூன் மதில் நகரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு ஹாங்காங் போயிருந்தேன். காம் டின் என்ற ஊரில் கட் ஹிங் வை என்று ஒரு மதில் கிராமத்தைக் காட்டினார்கள். உள்ளே பார்த்தால் எல்லாம் புது மாடி வீடு, ஏசி பெட்டி. ஏமாற்றமாகிவிட்டது. நீங்கள் எழுதிய மதில் நகர் இதுதானா? இதில் பாரம்பரியம் என்று என்ன இருக்கிறது?
ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

அது வேறு, இது வேறு. கவுலூனில் இருந்தது அரசாங்கத்தின் ராணுவக் கோட்டை. பின்னால் அடுக்குமாடிக் காடாகி, 1993-94இல் இடிபட்டு, இப்போது பூங்கா. கட் ஹிங் வை ஒரே குலத்தின் ஊர்; டாங் குலத்தார் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. 'வை' என்றால் வளைத்துக் கட்டிய இடம். கேட்டதும் எனக்கு நம் 'வளவு'தான் ஞாபகம் வந்தது.

ஊருக்கு வயது ஐந்நூறுக்கு மேல். மதில் வந்தது 17ஆம் நூற்றாண்டில், சீனாவின் காங்ஷி பேரரசர் காலத்தில். கொள்ளைக்கூட்டமும் கடற்கொள்ளையும் மலிந்திருந்த கரை அது. சாம்பல் நிறச் செங்கல் மதில், நாலு மூலைக்கும் காவல் கோபுரம், வெளியே அகழி, நுழைய ஒரே வாசல்.

அந்த வாசலில் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கதவைக் கவனித்தீர்களா? 1898இல் பிரிட்டன் இந்தப் பகுதியை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த ஏப்ரலில் அதைக் கைக்கொள்ள வந்தபோது குலத்தார் எதிர்த்து நின்றார்கள். சண்டை ஆறு நாள்தான். தோற்ற ஊரின் கதவைப் பிரிட்டிஷார் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் அயர்லாந்து, கவர்னர் ஹென்றி பிளேக்கின் வீடு. (ஹாங்காங் கொடியில் இருக்கும் மந்தாரைப் பூவின் தாவரவியல் பெயரிலும் இந்த பிளேக் இருக்கிறார்!) ஊரார் கேட்டுக்கேட்டு, 1925இல் கவர்னர் ஸ்டப்ஸ் காலத்தில் கதவு திரும்பியது. பிளேக், ஸ்டப்ஸ் இருவருமே இலங்கையிலும் கவர்னராக இருந்தவர்கள்.

வந்த கதவிலும் ஒரு கோளாறு. பக்கத்து ஊரான டாய் ஹாங் வையின் கதவும் அப்போது பறிபோயிருந்தது. திரும்பியதில் ஒரு பக்கம் இந்த ஊருடையது, மறுபக்கம் அந்த ஊருடையது என்கிறார்கள். கிட்டே நின்று பார்த்தால் இரண்டு பக்கத்து வேலைப்பாடும் ஒத்துப்போகாது. மாட்டியது மாட்டியபடி இன்றும் அப்படியே இருக்கிறது. ஊர்க்கதவு இல்லாமல் இருபத்தாறு வருடம் இருந்தவர்கள் ஜோடி பார்க்கவில்லை போலும்.

சரி, மாடி வீடுகள். குடியிருப்பவர்கள் இடித்துக் கட்டத்தான் செய்வார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒடுங்கிய நடுச்சந்து, அதன் கோடியில் சாமி கூடம் என்ற அமைப்பு மாறவில்லையே. பழைய வீட்டையே பார்க்க ஆசை என்றால் சுன் வானில் சாம் டுங் உக் இருக்கிறது. 1786இல் ஹக்கா என்ற சீனப் பிரிவினர் கட்டிய மதில் கிராமம், 1987 முதல் அருங்காட்சியகம். கட்டில், கலப்பை எல்லாம் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள், குடியிருக்கத்தான் ஆள் இல்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.