கேள்வி பதில்: தலைமடையும் கடைமடையும்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ஏக்கருக்கு 2 மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். எல்லாருக்கும் ஒரே நேரம்தானே, பிறகும் கடைமடைக்காரர்கள் (வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ளவர்கள்) அநியாயம் என்கிறார்களே? (வாசகர், குடியாத்தம்)

பதில்: அவர்கள் சொல்வது சரி. மண் வாய்க்காலில் தண்ணீர் ஓட ஓட ஊறிப்போகும். மடை திறந்ததுமே கடிகாரத்தை ஓடவிட்டால், கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர 40 நிமிடம் ஆகிற இடத்தில் மிஞ்சுவது 80 நிமிடம்தான். அதுவும் மெலிந்த ஓட்டம். ‘எதில் சமத்துவம்?’ என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1979-ல் கேட்டது இதற்கும் பொருந்தும்: நேரத்திலா, நீரிலா, விளைச்சலிலா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் சொன்ன வழி: உங்கள் நிலம் தலைமடையா கடைமடையா என்றே தெரியாததுபோல் விதியை எழுதுங்கள். (அவர் பேசியது சமுதாயத்தின் அடிப்படை அமைப்பைப் பற்றி, ஏரிக்கு இழுப்பது நம் துணிச்சல்.) அப்படி எழுதினால், தண்ணீர் அவரவர் வரப்பைத் தொட்ட பிறகே நேரம் கணக்காகும், ஊறலுக்குக் கூடுதல் நிமிடமும் கிடைக்கும்.

நிலத்தை வைத்துத்தான் தண்ணீரைப் பங்கிடுகிறோம்; அந்த நிலமே நியாயமாக வந்ததா என்று முதலில் பார் என்பார் இன்னொரு அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் (1974). நிலமே இல்லாதவருக்கு எந்த முறையிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏரி மீன் குத்தகைப் பணத்திலாவது அவருக்குப் பங்கு உண்டா என்பதையும் கூட்டத்தில் பேசுங்கள்.