பாட்டி அறைக்குப் பிறகு உங்கள் அறை

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. திருமணமானதிலிருந்து நானும் கணவர் வீட்டாரின் சபைக்கே போய்வருகிறேன். மாமியார் அங்கே ஞாயிறு பள்ளி ஆசிரியை. மகள் மனப்பாட வசனத்தில் எப்போதும் முதல் பரிசு. ஐந்து வயதிலேயே மேடையேறி, இயேசுவை ஏற்றுக்கொண்டதாகச் சாட்சி சொன்னாள். போன வருடம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் இரகசிய வருகையைப் பற்றி, அதாவது இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பதைப் பற்றி, ஒரு நாடகம் போட்டார்கள். அதன் பிறகு கூடப் படிக்கும் பிள்ளையிடம் "நீ நரகத்துக்குத்தான் போவாய்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். மற்றபடி மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ராத்திரியில் மட்டும் எழுந்து முதலில் பாட்டி அறையை எட்டிப் பார்ப்பாள். பிறகு எங்கள் அறைக் கதவைத் திறந்து சிறிது நேரம் நிற்பாள். நான் தூங்குவதுபோல் இருந்துவிடுவேன், அவளும் போய்ப் படுத்துக்கொள்வாள். இந்த வருடம் விடுமுறைப் பள்ளிக்கு அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. மாமியார் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? கணவர் இதிலெல்லாம் தலையிடமாட்டார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள் அம்மா, இடம் கருதிச் சுருக்கிவிட்டேன். வெட்டியதில் முக்கால்வாசி உங்கள் மாமியார்தான். அவர் என்ன சொல்வார், எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வார், சபையில் அவருக்கு எவ்வளவு தலைகுனிவு என்று பக்கம் பக்கமாக இருந்தது. மகள் இருட்டில் எழுந்து நடப்பதற்கு மட்டும் மூன்று வரி. அதற்கும் முன்னால் 'மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாள்' என்று ஒரு நற்சான்றிதழ். அந்த மூன்று வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அவள் எதைத் தேடி எழுகிறாள் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. எக்காளம் தொனிக்கும், விசுவாசிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்பதுதானே நாடகம்? அதைப் பார்த்த பிள்ளைக்கு நடு ராத்திரியில் விழிப்பு வந்து, வீடு மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தால் என்ன தோன்றும்? எல்லாரும் போய்விட்டார்கள், என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். இதே பயத்தை நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் எனக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் ஆள் இல்லை, தெருவில் இறங்கி அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்பார்கள். அம்மா பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்திருப்பார். அந்தப் பத்து நிமிடம் முப்பது வருடமாகியும் அவர்களை விடவில்லை.

உங்கள் மகள் முதலில் பாட்டி அறைக்கு ஏன் போகிறாள்? அந்த வீட்டில் எடுத்துக்கொள்ளப்படுவது நிச்சயம் என்று எல்லாரும் நம்பும் ஒரே ஆள் பாட்டி. பாட்டி கட்டிலில் இருந்தால் வருகை இன்னும் நடக்கவில்லை. பிள்ளையின் கணக்கு அவ்வளவு துல்லியம். ஆனால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துபோகிறதே! அவள் அப்படியே திரும்பிப் போய்ப் படுத்திருக்கலாம். பிறகும் உங்கள் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாளே, அது எதற்கு? சோதித்துப் பார்க்க அங்கே ஒன்றும் பாக்கி இல்லை. உங்களிடம் வருகிறாள், அவ்வளவுதான். பயந்த பிள்ளை அம்மாவிடம் வந்து நிற்கிறது, அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

அசந்து தூங்கியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டேன். விழித்திருந்துகொண்டு தூங்குவதாக நடிக்கிறீர்கள். ஏன் என்று நான் சொல்லட்டுமா? கண்ணைத் திறந்தால் அவள் கேட்பாள்: "அம்மா, இன்னிக்கு ராத்திரி இயேசு வந்தா நான் போவேனா? நீங்க வருவீங்களா?" தெரியாது என்றால் அவள் பயம் இரட்டிப்பாகும். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது கண்ணே என்றால், விடிந்ததும் அது பாட்டி காதுக்குப் போகும். ஆக, ராத்திரி இரண்டு மணிக்குக்கூட நீங்கள் காவல் காப்பது மாமியாரின் மனதைத்தான்.

சொல்ல பதில் இல்லை என்பதுதான் தயக்கமென்றால், கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் இரகசிய வருகை, பிறகு ஏழாண்டு உபத்திரவம், அதற்கும் பிறகு பகிரங்க வருகை என்று பிரித்துச் சொல்லும் போதனைக்கு இன்னும் இருநூறு வயதுகூட முழுதாக ஆகவில்லை. 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் அதை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் லுத்தரன் சபையாரும் இப்படிப் போதிப்பதில்லை. அவர்களும் கிறிஸ்துவின் வருகையை நம்புகிறவர்கள்தான். பிள்ளைகளைப் பயமுறுத்த எடுத்தாளப்படும் வசனம் 1 தெசலோனிக்கேயர் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. செத்துப்போனவர்களை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பவுல் எழுதிய ஆறுதல் அது. அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது.

அந்த வருகைக்கு நாள் குறித்தவர்கள் கதையும் உண்டு. அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22க்காகக் காத்திருந்தார்கள். அதே நாட்டு வானொலிப் போதகர் ஹரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். இரண்டு நாளும் மற்ற நாட்களைப் போலவே விடிந்து அடங்கின. நாள் தவறியதற்குப் பெரியவர்கள் ஏதேதோ விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த வீடுகளில் பயந்து கிடந்த பிள்ளைகளிடம் யாராவது போய், "தப்பாகச் சொல்லிவிட்டோம்" என்று சொல்லியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

ஐந்து வயதில் மேடையேறிச் சாட்சி சொன்னதை இன்னும் பெருமையாகவே எழுதுகிறீர்கள். எழுத்தில்லாமல் நிறங்கள் மட்டும் உள்ள சிறு புத்தகம் ஒன்றை ஞாயிறு பள்ளியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1866இல் ஸ்பர்ஜன் என்ற லண்டன் போதகரின் பிரசங்கத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று தாள்களோடு தொடங்கியது. தங்க நிறமும் பச்சையும் பின்னால் சேர்ந்தன. கறுப்புத் தாளைக் காட்டி, இது உன் இதயம் என்பார்கள். பெரியவர்களுக்கு அது உவமை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு உவமை ஏது? நெஞ்சுக்குள் நிஜமாகவே கறுப்பாக ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். இயேசுவை இதயத்துக்குள் அழைத்தாயா என்று ஆசை ஆசையாக ஆசிரியை கேட்டால், அழைத்தேன் என்று சொல்லும். அந்த ஆசிரியை பாட்டியாகவும் இருந்துவிட்டால் இரண்டு முறை சொல்லும். சபையே கைதட்டும். அன்று ராத்திரி படுக்கையில், நான் சரியாக அழைத்தேனா, அவர் வந்தாரா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு கிடக்கும். நாலாம் நாளும் அதே ஜெபத்தைத் திரும்பச் சொல்லும். இதை மனமாற்றம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாட்டியைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்த பிள்ளை, அவ்வளவுதான்.

மாற்கு பத்தாம் அதிகாரத்தில் சிறு பிள்ளைகள் இயேசுவிடம் கொண்டுவரப்படுகிறார்கள். சீஷர்கள் அதட்டுகிறார்கள். அவர் சீஷர்கள்மேல் கோபப்பட்டு, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, கைகளை வைத்து ஆசீர்வதிக்கிறார். ஒரு பிள்ளையிடமும் பாவ அறிக்கை கேட்கவில்லை. வசனமும் ஒப்பிக்கச் சொல்லவில்லை.

அந்தத் தோழி விஷயத்துக்காக மகளைத் திட்டினீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் திட்டியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். மரியாதைக்குறைவாகப் பேசிவிட்டாள் என்று. அவள் செய்தது வேறு. வீடு பற்றியெரிகிறது என்று நம்புகிறவள், உள்ளே தூங்கும் தோழியை எழுப்பப் பார்த்தாள். அதே நம்பிக்கை உள்ள பெரியவர்கள் அக்கம்பக்கத்தாரோடு சிரித்துப் பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். சொன்னதைச் சொன்னபடி நம்பியது அந்த வீட்டில் இந்தச் சின்னது ஒன்றுதான். அந்தத் தோழியின் வீட்டுக்கு நீங்களே மகளோடு போங்கள். இரண்டு பிள்ளைகளும் திரும்ப ஒன்றாக விளையாடட்டும்.

விசுவாசத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெற்றோர் தங்கள் நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது உரிமை, கடமையும்கூட. கற்றுக்கொடுக்க ஒன்றுமே இல்லாத வீட்டைப் பார்த்தாலும் எனக்கு வருத்தம்தான். ஆனால் பயம் காட்டுவது கற்றுக்கொடுப்பது ஆகாது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 14ஆம் பிரிவில், பிள்ளைக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் உண்டு என்கிறது. அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு, அதுவும் பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்றபடி என்று அதே பிரிவு சொல்கிறது. பெற்றோருக்கு என்பதைக் கொஞ்சம் அழுத்தியே படியுங்கள். பாட்டிக்குப் பேத்திமேல் பாசத்தின் உரிமை எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. பேத்தியின் ராத்திரிகளை எடுத்துக்கொள்ளும் உரிமை கிடையாது.

உங்கள் கணவர் தலையிடமாட்டாராம். யார் வீட்டு விவகாரம் இது? அவருடைய அம்மா, அவருடைய மகள். இந்த வருடம் விடுமுறைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்பதை அவர்தான் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மகன் சொன்னால் பேச்சு, மருமகள் சொன்னால் வழக்கு. இது உங்களுக்குத் தெரியாதா? அவர் நழுவினால், கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவரைத் தட்டி எழுப்புங்கள். மகள் இருட்டில் நிற்பதை ஒருமுறை அவரும் பார்க்கட்டும். மாமியார் மனம் நோகாமல் இது முடியாது. நோகும். பெரியவர், தாங்கிக்கொள்வார். பாட்டியையும் பேத்தியையும் பிரித்துவிடாதீர்கள். கதை சொல்லட்டும், பாட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும், நரகமும் இரகசிய வருகையும் மட்டும் பேத்தியிடம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே பாவ அறிக்கை ஜெபத்தை ஒரே ராத்திரியில் பலமுறை சொல்கிறாளா, தனியாக இருக்கவே மறுக்கிறாளா, தூக்கம் கெட்டுப் பகலில் சோர்ந்து கிடக்கிறாளா? அப்படியென்றால் தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உபவாச ஜெபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெபம் வேண்டுமானால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தும் செய்யலாம்.

இன்று ராத்திரிக்கு வருவோம். கதவு திறந்ததும் எழுந்து உட்காருங்கள். ஏன் தூங்கவில்லை என்று அதட்டாமல், பக்கத்தில் இடம் விட்டு அவளைப் படுக்கவையுங்கள். அவள் கேட்பாள், அன்றே இல்லாவிட்டால் மூன்றாம் நாள் கேட்பாள். அப்போது வேத ஆராய்ச்சி வேண்டாம், டார்பி கதையும் வேண்டாம், அது உங்களுக்காகச் சொன்னது. "உன்னை விட்டுட்டு நான் எங்கேயும் போகமாட்டேன். என்னை மட்டும் கூப்பிட்டாங்கன்னா, என் பொண்ணு இல்லாம வரமாட்டேன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லுங்கள். மனதார அதைச் சொல்ல முடியும்தானே உங்களால்?

காலையில் இது பாட்டிக்குப் போய்ச் சேரும். என்ன பேச்சு இது, தேவ தூஷணம் இல்லையா என்று அவர் கொதிக்கலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியைதானே, யாத்திராகமம் 32ஆம் அதிகாரம் 32ஆம் வசனத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஜனங்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரையும் கிறுக்கிப்போடும் என்று கர்த்தரிடமே நேருக்கு நேர் சொன்னவர் மோசே. அவரை இதுவரை எந்தச் சபையும் பின்மாற்றக்காரர், விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவர் என்று சொன்னதில்லை.