நடுவில் மஞ்சள், சுற்றி எட்டு: இந்தப் பழைய அறுகோணக் குவில்ட் டிசைனுக்கு என்ன பெயர்? அதே போலத் தைக்க முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது. கைமாறி வந்த பழைய குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஒன்று, முழுக்கச் சின்னச் சின்ன அறுகோணத் துண்டுகள். ஒவ்வொரு பூவிலும் நடுவே ஒரு மஞ்சள், அதைச் சுற்றி ஒற்றை நிறத்தில் 8, அதற்கு வெளியே பூப்போட்ட துணியில் 16. பூக்களுக்கு இடையே இளம்பச்சையில் பாதை, பாதைகள் கூடும் இடத்தில் ஒரு சிவப்பு. இணையத்தில் படத்தைக் கொடுத்துத் தேடினால் எல்லாமே 'கிராண்ட்மதர்ஸ் ஃப்ளவர் கார்டன்' என்கிறது, ஆனால் அதில் 6, 12 என்று வருகிறது. உள்ளே இருக்கும் பஞ்சில் கருப்புப் புள்ளிகள் தெரிவதால் 200 வருடப் பழசு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெயர் என்ன, வயது என்ன, இதே போல ஒன்று தைப்பது எப்படி?

படத்தோடு நிற்காமல் துண்டுகளை எண்ணிப் பார்த்தீர்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு அறுகோணத்தைச் சுற்றி முழு வட்டம் போட்டால் 6 துண்டுதான் வரும், அடுத்த வட்டம் 12, அதற்கடுத்தது 18. ஃப்ளவர் கார்டன் வகையெல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கும். உங்களுடையதில் 8 வருகிறது என்றால், நடுத் துண்டைத் தொடுகிற ஆறுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறார்கள். அப்போது பூ வட்டமாக இருக்காது, நின்ற வைரமாக நீளும். 3க்கு 3 ஆக 9 துண்டு, அதைச் சுற்றி 16 வைத்தால் 5க்கு 5 ஆக 25. இந்த அமைப்பை 'ஃபீல்ட் ஆஃப் டயமண்ட்ஸ்' என்றோ 'டயமண்ட் ஃபீல்ட்' என்றோ சொல்வார்கள். தள்ளி நின்று பார்த்தால் சாய்சதுரங்கள் வரிசை வரிசையாகத் தெரியவேண்டும். தெரிந்தால் இதுதான்.

ஆனால் பெயரை ரொம்பப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டாம். அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரே டிசைனை ஆளுக்கொரு பெயரில் அச்சிட்டிருக்கின்றன. 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் மட்டுமே 1928 முதல் 1961 வரை குவில்ட் டிசைன்கள் வெளியிட்டது. அதற்கு ரொம்ப முன்னால், 1835இல், பிலடெல்பியாவிலிருந்து வந்த 'கோடீஸ் லேடீஸ் புக்' அறுகோண ஒட்டுவேலையைத் தேன்கூடு என்ற பெயரில் போட்டது. துண்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான், நிறத்தை வைக்கிற விதம் மாறினால் பெயரும் மாறிவிடும். குவில்ட் வரலாற்று ஆய்வாளர் பார்பரா பிராக்மன் 1993இல் வெளியிட்ட ஒட்டுவேலை டிசைன் கலைக்களஞ்சியம் இன்றுவரை எல்லோரும் புரட்டும் புத்தகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அது டிசைன்களை அமைப்பை வைத்து வரிசைப்படுத்துகிறது, பெயர் தெரியாதவரும் தேடி எடுத்துவிடலாம்.

என்னைக் கேட்டால், அறுகோணக் குவில்ட்டை அடையாளம் காணப் பூவை விட்டுவிட்டுப் பாதையைப் பார்க்கவேண்டும். பூ கண்ணை இழுக்கும், ஆனால் அடுத்த பூ எங்கே உட்காரவேண்டும் என்று தீர்மானிப்பது பாதைதான். உங்கள் குவில்ட்டில் பாதை ஒற்றை வரிசையா, இரட்டையா? இரண்டு பூக்கள் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றனவா, இல்லை ஒவ்வொன்றுக்கும் தனி வேலி இருக்கிறதா? சிவப்புத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து அதன் ஆறு பக்கத்தையும் பாருங்கள். ஒற்றைப் பாதையாக இருந்தால் நாலு பக்கம் பச்சை, மீதி இரண்டு பக்கம் இடது பூவின் ஓரமும் வலது பூவின் ஓரமும். மேல் பூவும் கீழ் பூவும் அதைத் தொடாது, அவற்றின் நுனிக்கும் சிவப்புக்கும் நடுவே இரண்டு பச்சைத் துண்டுகள் கைகோத்திருக்கும். அப்படியே இருந்தால் கீழே நான் சொல்லும் கணக்கு உங்களுக்கு அச்சாகப் பொருந்தும்.

அடுத்தது வயது. கருப்புப் புள்ளிக் கதையை விட்டுவிடுங்கள். எலி விட்னி பஞ்சு பிரிக்கும் இயந்திரத்துக்கு 1794இல் காப்புரிமை வாங்கினார், அதனால் விதைத்துணுக்கு இருந்தால் அதற்கு முந்தையது என்று ஒரு பழைய நம்பிக்கை ஊர் சுற்றுகிறது. இயந்திரம் வந்த பிறகும் மட்டமான பஞ்சில் விதைத் துணுக்கும் இலைத் துணுக்கும் தாராளமாகத் தங்கின. 20ஆம் நூற்றாண்டுக் குவில்ட்டிலும் அவை இருக்கும். உள்ளே இருப்பது பருத்தி, அதுவும் நன்றாகச் சுத்தம் செய்யாத பருத்தி என்பதைத் தாண்டி அந்தப் புள்ளி எதையும் சொல்லாது.

வயதைச் சொல்வது துணி. அதிலும் இருப்பதிலேயே புதிய துணிதான் கணக்கு: குவில்ட் அதைவிடப் பழசாக இருக்க முடியாது. பழைய சட்டையின் துண்டை யாரும் எத்தனை வருடம் கழித்தும் தைக்கலாம், அதனால் இருப்பதில் மூத்த துணி சாட்சி ஆகாது. மஞ்சள் நடு, ஒற்றை நிற வட்டம், பூப்போட்ட வெளிவட்டம், இளம்பச்சை என்ற கூட்டணி அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பச்சைக்கு 'நைல் கிரீன்' என்றே பெயர். பொருளாதார மந்தக் காலம், தீவனமும் மாவும் வந்த பருத்திச் சாக்குகளைக்கூடப் பூப்போட்டே விற்றார்கள், அவையும் குவில்ட்டுக்குள் போயின. சில துண்டுகளின் ஓரத்தில் வரிசையாகத் தடித்த ஊசித்துளைகள் தெரிந்தால் அது சாக்குத் தையல் பிரித்த தடமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: 1930களின் அச்சுகளை அப்படியே நகலெடுத்த துணி இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதனால் துணியின் முகத்தை மட்டும் நம்பவேண்டாம். இருட்டில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். நூலோ துணியோ நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய வெண்மையூட்டி இருக்கிறது. ஆனால் இப்போதைய சோப்புத்தூளிலும் அதே சரக்குதான், ஒருமுறை துவைத்திருந்தாலே எல்லாம் ஒளிரும். ஆகவே ஒளிராமல் இருந்தால் அது நல்ல தடயம், ஒளிர்ந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. நடுவில் பாலியஸ்டர் பஞ்சு இருந்தால் அது 1960களுக்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம், உங்களுடையதில் அந்தப் பேச்சே இல்லை. நீங்கள் சொன்னதை எல்லாம் கூட்டினால் நான் 1930களையே சொல்வேன். நேரில் துணியைப் பார்ப்பவர் பத்து வருடம் முன்னே பின்னே நகர்த்தலாம்.

சரி, தைக்கும் விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அளவு. ஒரு துண்டை மட்டும் அளந்தால் தப்பும். பூவின் அகலமான நடு வரிசையில் 5 துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அதை முழுசாக அளந்து 5ஆல் வகுங்கள். இப்படி ஏழெட்டுப் பூவில் எடுத்துச் சராசரி பாருங்கள். வருவது தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்த் தட்டைப் பக்கம் வரையான அகலம். அதை 1.732ஆல் வகுத்தால் ஒரு பக்கத்தின் நீளம் கிடைக்கும். அறுகோணத்தின் அளவைப் பக்க நீளத்தில்தான் சொல்வார்கள், துண்டு வெட்ட அளவாக வைக்கும் அட்டையை வாங்கும்போது இதில் குழம்புகிறவர்கள் நிறைய. உதாரணமாக 5 துண்டுக்கு 21.4 செ.மீ. வந்தால், ஒன்றுக்கு 4.28, பக்கம் 2.47 செ.மீ. 'என்னடா இது, இரண்டுங்கெட்டான் அளவு' என்று தோன்றும். பருத்தி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், மேல் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்க்கும் குவில்டிங் தையலும் இழுத்துப் பிடிக்கும். தைத்தவர் வைத்திருந்த அட்டை 1 அங்குலம், அதாவது 2.54 செ.மீ. என்று தாராளமாக முடிவு செய்யலாம். உங்கள் அளவிலும் இப்படிப் பக்கத்தில் இருக்கும் முழு அளவு எது என்று பாருங்கள்.

அட்டை வரைய விலை கொடுத்து எதுவும் வாங்கவேண்டியதில்லை. பக்க நீளத்தையே ஆரமாக வைத்து காம்பஸில் ஒரு வட்டம், காம்பஸை மாற்றாமல் அதே அகலத்தில் வட்டத்தின் மேல் ஆறு குறி, குறிகளைச் சேர்த்தால் துல்லியமான அறுகோணம். முக்கியமானது, தைக்கும்போது துணிக்குள் வைக்கும் எல்லாக் காகிதத்தையும் அந்த ஒரே மூல அட்டையிலிருந்து வெட்டுங்கள். நகலைப் பார்த்து நகல், அதைப் பார்த்து இன்னொன்று என்று போனால் ஒவ்வொரு முறையும் பென்சில் கோடு தடிமன் கூடும். துண்டுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் 50 துண்டு வரிசையில் இரண்டரை செ.மீ. எகிறிவிடும், குவில்ட் நடுவில் உப்பிக்கொள்ளும்.

துணிக் கணக்கில்தான் எல்லோரும் திணறுகிறார்கள், அதையும் பாதைதான் தீர்த்துவைக்கிறது. ஒரு பூவுக்கு 25. அதைச் சுற்றி முழு வேலி போட்டால் 24 வேண்டும் என்று எண்ணிப் பச்சைத் துணியை அள்ளிவிடுவார்கள். பாதை பகிரப்படுவதால் ஒரு பூவின் பங்குக்கு வருவது 11தான்: பச்சை 10, சிவப்பு 1. ஆக ஒரு பூ ஒரு பாதைப் பங்கு சேர்ந்து 36, அதாவது 6க்கு 6 சாய்சதுரம். 1 அங்குல அறுகோணத்தின் பரப்பு ஏறக்குறைய 16.8 சதுர செ.மீ. 180க்கு 220 செ.மீ. போர்வைக்குச் சுமார் 66 பூக்கள் வரும்: மஞ்சள் 66, உள்வட்டம் 528, வெளிவட்டம் 1056, பச்சை 660, சிவப்பு 66. ஓரத்தில் பாதிப் பூக்கள் வருவதால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். சுற்றிலும் 6 மி.மீ. தையலுக்கு விட்டு வெட்டினால், 110 செ.மீ. அகலத் துணியில் மீட்டருக்கு 285 துண்டு போலக் கிடைக்கும். பச்சைக்கு இரண்டரை மீட்டர் கட்டாயம், நானாக இருந்தால் மூன்று எடுப்பேன். பாதைத் துணி நடுவில் தீர்ந்து, மறுபடி வாங்கும்போது வேறு சாயத் தொகுதி வந்தால் அந்தக் கோடு குவில்ட் முழுக்கக் காட்டிக்கொடுக்கும். பூவில் அந்தக் கவலை இல்லை. ஒரு பூவின் வெளிவட்டத்துக்கான 16 துண்டுகளுக்கு 25 x 30 செ.மீ. துணி ஒன்று போதும், பூவுக்கொரு துணியாக இருப்பதுதான் அழகே.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது மேலே தெரியும் நிறத்தை நம்பவேண்டாம், அது வெளுத்த நிறம். தையல் விட்ட இடம் ஏதாவது இருக்கும். அங்கே உள்ளே மடிந்த துணியை லேசாகப் புரட்டினால் வெயில் படாத பழைய நிறம் தெரியும். முதல் நாளில் இருந்த குவில்ட் வேண்டுமா, இன்று கையில் இருக்கும் குவில்ட் வேண்டுமா என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். எனக்கு மடிப்புக்குள் இருக்கும் நிறம்தான் பிடிக்கும். வெளுக்கிற வேலையைப் புதுசும் தானே பார்த்துக்கொள்ளும்.

தைக்கும் முறையையும் அதே பிரிந்த இடத்தில் கண்டுபிடிக்கலாம். இணைப்பை இரு கையாலும் மெல்ல விலக்குங்கள். குறுக்காகச் சின்னச் சின்ன நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தால் காகிதத்தின் மேல் துணியை மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சுற்றி எடுத்த தையல், 'இங்கிலீஷ் பேப்பர் பீசிங்'. கோட்டோடு கோடாக நூல் போய், துணியின் வெட்டு ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்னே நின்றுவிட்டால் காகிதம் இல்லாத ஓட்டுத்தையல். 1930களில் இரண்டும் நடந்தன. புதிதாக ஆரம்பிப்பவர் காகித முறையையே எடுங்கள், மூலைகள் தானாகக் கூடும். ஊசி துணியின் விளிம்பில் இரண்டு மூன்று இழையை மட்டும் எடுக்கவேண்டும், காகிதத்தைக் குத்தக்கூடாது. ஒரு துண்டின் ஆறு பக்கமும் தைத்து முடிந்த பிறகுதான் அதன் காகிதத்தை உருவவேண்டும்.

பூக்களை எல்லாம் தைத்துக் குவித்துவிட்டுப் பாதையைக் கடைசியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பூவும் முடிந்ததும் அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் பாதையைச் சேர்த்துவிடுங்கள்: ஒரு பக்கம் 5 பச்சை, மறுபக்கம் 5 பச்சை, நடு மூலையில் சிவப்பு. எல்லாப் பூவிலும் அதே இரண்டு பக்கம், உதாரணமாக மேல் இடதும் மேல் வலதும். அப்போது 66 துண்டமும் அச்சு அசலாக ஒரே வடிவம், எதை எதோடு வேண்டுமானாலும் இணைக்கலாம், தரையில் பரப்பிப் போட்டு நிறத்தை மாற்றி மாற்றியும் பார்க்கலாம். குவில்ட்டின் கீழ் ஓரத்துக்கு மட்டும் கடைசியில் பாதைத் துண்டுகள் தனியாக வேண்டியிருக்கும்.

பழைய குவில்ட்டை அளவுக்காகப் பிரிக்கவேண்டாம், துவைக்கவும் வேண்டாம். பழுப்பு, கருப்புத் துண்டுகள் சில தூளாக உதிர்ந்தால் அது இரும்புச் சத்துள்ள சாயம் நூலைத் தின்ற வேலை, தண்ணீர் பட்டால் மிச்சமும் போய்விடும். ஓரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. நாலு பக்கமும் அறுகோணப் பற்கள் அப்படியே இருக்கிறதா, நேராக வெட்டி, ஓரத்தை மூடும் பட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பற்களாக இருந்தால் பட்டியைக் குறுக்கு வெட்டுத் துணியில்தான் எடுக்கவேண்டும், நேர் வெட்டு அந்த உள்மூலைகளில் வளையாது. அதற்கான துணியையும் பச்சையோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.