டி செல்லைப் புற்றுச்செல்லிடம் கூட்டிப்போகும் புரதங்கள்: கேள்வி பதில்

இரண்டு மூன்று புரதங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரே புரதமாக்குவதும் (இதைத்தான் ஃபியூஷன் புரதம் என்கிறோம்), அதைக் கொண்டு டி செல் போன்ற நோய் எதிர்ப்பு செல்களைப் புற்றுநோய் மேல் ஏவிவிடுவதும்தான் நான் வேலை செய்யும் துறை. இதுபற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"அக்கா, நான் பயோடெக் இரண்டாம் ஆண்டு. இரண்டு புரதங்களை எதை வைத்து ஒட்டுவீர்கள்?"

ஒட்டுவதே இல்லைம்மா. மரபணுவிலேயே சேர்த்துவிடுகிறோம். முதல் புரதத்தின் மரபணு முடிகிற இடத்தில் 'நிறுத்து' என்று சொல்லும் மூன்றெழுத்துக் குறி இருக்கும். அதை எடுத்துவிட்டு அடுத்த மரபணுவைத் தொடர்ந்து வைத்தால், செல் இரண்டையும் ஒரே இழையாகக் கட்டிவிடும். மூன்று மூன்று எழுத்தாகப் படிப்பதால் நடுவில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அதற்குப் பின்னால் வருவது அத்தனையும் குப்பை. நீங்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது அதைத்தான்.

"இரண்டு புரதத் துண்டுகளுக்கு நடுவில் வைக்கும் லிங்கர் வெறும் கயிறுதானே? அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். குறிப்பிட்ட இலக்கை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம்தான் ஆன்டிபாடி. அதன் பிடிக்கும் முனை இரண்டு பாதிகளால் ஆனது. அவற்றை கிளைசின் நான்கு, செரின் ஒன்று என்ற வரிசையை மூன்று முறை திருப்பிப் போட்டு, 15 அமினோ அமில லிங்கரால் இணைப்பது வழக்கம். கிளைசின் வளைந்து கொடுக்கும், செரின் தண்ணீரோடு ஒத்துப்போகும். அந்த நீளத்தில் இரண்டு பாதிகளும் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து சரியாகப் பொருந்தும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'சிறியதாக இருந்தால் உறுதியாக இருக்குமே' என்று 5 ஆகக் குறைத்தேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் குழாயில் (column) ஓட்டிப் பார்த்தால், நான் எதிர்பார்த்த அளவைவிட இரண்டு மடங்கு பெரிய புரதம் வந்தது. தன் பாதியோடு மடிய நீளம் போதாததால், பக்கத்து மூலக்கூறின் பாதியோடு ஜோடி சேர்ந்துவிட்டது! இதற்கு டயபாடி என்று 1993-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். நான் அதைப் படிக்காமல் இறங்கியிருந்தேன்.

"சரி, இரண்டு ஆன்டிபாடிகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் என்ன? ஏன் ஒரே மூலக்கூறாக்க வேண்டும்?"

ஒரே மூலக்கூறாக இருந்தால்தான் இரண்டு செல்கள் உரசி நிற்கும். ரத்தப் புற்றுநோய் மருந்தான பிளினாட்டுமோமாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனை பி செல் புற்றின்மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. மறு முனை டி செல்லின்மேல் இருக்கும் சிடி3 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. நடுவே ஐந்தே அமினோ அமிலம். இவ்வளவு நெருக்கத்தில் டி செல் தன் கொல்லும் புரதங்களான பெர்ஃபோரினையும் கிரான்சைமையும் நேராகப் புற்றுச்செல்லுக்குள் இறக்கிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. சிடி3 பக்கத்துப் பிடியை வேண்டுமென்றே தளர்வாக வைத்திருக்கிறார்கள். சிடி19 பிடி அதைவிடப் பல மடங்கு இறுக்கம். ஒற்றைக் கையால் தளர்வாகத் தொட்டால் டி செல் விழித்துக்கொள்ளாது. எதிரே புற்றுச்செல்லின்மேல் பல மூலக்கூறுகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் இழுத்தால்தான் விழிக்கும். ஒன்றைக் கொன்றபின் அதே டி செல் அடுத்ததைத் தேடிப் போகும். பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்ல மருந்து என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இது.

"என் பையனுக்கு 9 வயது, பி செல் ரத்தப் புற்றுநோய். நீங்கள் சொல்லும் அதே மருந்தை 28 நாள் ராத்திரி பகலாக டிரிப்ஸில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். ஏன் மேடம்? பயமாக இருக்கிறது."

பயம் வரத்தான் செய்யும் அம்மா. காரணத்தைச் சொல்கிறேன். சாதாரண ஆன்டிபாடி உடலில் வாரக்கணக்கில் தங்கும், அதன் வால்பகுதியான எஃப்சி அதை அழியவிடாமல் காக்கும். இந்த மருந்துக்கு அந்த வால் இல்லை, அளவிலும் ஆன்டிபாடியில் மூன்றில் ஒரு பங்குதான். சுமார் 2 மணி நேரத்தில் பாதி போய்விடும். அதனால்தான் நிறுத்தாமல் ஏற்றுகிறார்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு: ஏதாவது சிக்கல் என்றால் பம்பை நிறுத்தினால் போதும், சில மணி நேரத்தில் மருந்து வடிந்துவிடும்.

முதல் சில நாட்களில் காய்ச்சல் வரலாம். டி செல்கள் முடுக்கிவிடப்படும்போது சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) கொட்டுவதால் வருவது அது. அதைத் தணிக்க முன்கூட்டியே டெக்சாமெத்தசோன் கொடுப்பார்கள். ரத்த அழுத்தம் இறங்குகிறதா, கை நடுங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, எழுத்து கோணுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள், காலையில் டாக்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பம்பை நீங்களாக நிறுத்தவோ குழாயைக் கழுவிவிடவோ வேண்டாம்.

இன்னொன்று. வழக்கமான கீமோவோடு இதையும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்த பெரிய ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் சுமார் 88. அது புதிதாக நோய் கண்டறியப்பட்ட, அபாயம் மிக அதிகமில்லாத குழந்தைகளிடம் நடந்தது. உங்கள் மகனின் நிலை எது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் இந்த மருந்தை நம்ப நல்ல காரணம் இருக்கிறது.

"ஐஎல்-2 ஊசி பல வருடங்களாக இருக்கிறதே. அதையே ஏன் மெருகேற்றக் கூடாது?"

முயல்கிறார்கள். ஐஎல்-2 என்பது நோய் எதிர்ப்பு செல்களை வளர்க்கும் ஒரு சைட்டோகைன். ஆனால் அது கொல்லும் செல்களோடு அவற்றை அடக்கும் செல்களையும் சேர்த்தே வளர்த்துவிடும், அதிக அளவில் ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கும். அதன் உறவினரான ஐஎல்-15-க்கு அடக்கும் செல்கள்மேல் அவ்வளவு நாட்டம் இல்லை. ஆனால் அது தனியாக நின்றால் சரியாக வேலை செய்யாது, தன் ஏற்பியின் (செல்லின்மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தின்) ஒரு துண்டோடு சேர்த்து நீட்டப்பட வேண்டும். அதனால் ஒரே ஓர் அமினோ அமிலம் மாற்றிய ஐஎல்-15-ஐ எடுத்து, அந்த ஏற்பித் துண்டையும் எஃப்சி வாலையும் இணைத்துக்கொண்டார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஒரு வகைக்கு, பிசிஜியால் மட்டும் குணமாகாதவர்களுக்கு, பிசிஜியோடு சேர்த்துச் செலுத்த 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆமாம், நம் தோளில் தழும்பு போட்ட அதே பிசிஜிதான்.

"கார்-டி சிகிச்சையும் இந்த வகைதானா?"

ஆமாம். அதில் ஃபியூஷன் புரதம் ரத்தத்தில் மிதப்பதில்லை, டி செல்லின் மேலேயே நடப்பட்டிருக்கும்; அந்த டி செல்லே மருந்து. மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

"ரத்தப் புற்றுநோய்க்கே எல்லாம் வருகிறது. கட்டிகளுக்கு?"

அங்கேதான் கஷ்டம். பி செல்கள் எல்லாம் அழிந்தாலும் மனிதர் பிழைத்துக்கொள்வார். நுரையீரலோ கல்லீரலோ அப்படியல்ல. எனவே கட்டியில் மட்டும் இருக்கும் இலக்கு வேண்டும். நுரையீரலின் சிறுசெல் புற்றுக்கு டார்லாட்டமாப் 2024-ல் வந்தது. அதற்கு எஃப்சி வால் இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். கண்ணில் வரும் மெலனோமாவுக்கு டெபென்டாஃபஸ்ப் 2022-ல் வந்தது. இது ஆன்டிபாடி முனைக்குப் பதில் டி செல் ஏற்பியையே எடுத்து சிடி3 பிடியோடு இணைத்தது, அதனால் செல்லுக்கு உள்ளிருக்கும் புரதத்தின் துண்டையும் அடையாளம் காணும். ஓராண்டில் உயிரோடு இருந்தவர்கள் 73 சதவீதம், மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 59.

ஆனால் அந்தத் துண்டைச் செல்லின் வெளியே ஏந்திக் காட்டும் எச்எல்ஏ என்ற புரதம் ஆளுக்கு ஆள் மாறும். இந்த மருந்து எச்எல்ஏ-ஏ\*02:01 வகை உள்ளவர்களுக்கு மட்டுமே வேலை செய்யும். ஐரோப்பியர்களிடம் பரவலாக உள்ள அந்த வகை இந்தியர்களிடம் குறைவு. நம்மிடம் அதிகம் தென்படுவது அதன் நெருங்கிய சொந்தமான ஏ\*02:11. அதற்குப் பொருந்தும் ஏற்பிகளைத் தேடும் வேலையை வேறு யாரோ செய்து தருவார்கள் என்று நாம் காத்திருக்கக் கூடாது. முதல் கேள்வி கேட்ட தங்கைக்கு: முதுகலையில் ப்ராஜெக்ட் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.