பம்ப்செட் இன்ஜினுக்கு டர்போ பொருந்துமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்), பம்ப்செட், ஜெனரேட்டர் ஆகியவற்றில் வரும் சிறிய இன்ஜின்களை இருசக்கர வாகனத்தில் பொருத்தி, அவற்றோடு டர்போவும் சேர்ப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். டர்போ என்பது இன்ஜின் வெளியேற்றும் புகையால் சுழன்று, கூடுதல் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி அமைப்பு.

கேள்வி: பவர் வீடரிலிருந்து கழற்றிய 163 சி.சி. பெட்ரோல் இன்ஜினைப் பழைய பைக்கின் சட்டத்தில் பொருத்தி ஓட்டிப் பார்த்தோம். மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. 1.3 லிட்டர் டீசல் காரின் பழைய டர்போ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை இணைத்தால் இன்ஜினின் திறன் இரண்டு மடங்காகுமா? – பெருந்துறை வாசகர்

பதில்: ஆகாது. இருக்கும் திறனும் சற்றுக் குறையவே வாய்ப்பு அதிகம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நான்கு வீச்சு இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உள்ளிழுக்கும். உங்களுடைய இன்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும்போது 1,800 முறை, ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 163 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறது. ஆக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 293 லிட்டர். அந்த டீசல் காரின் 1,248 சி.சி. இன்ஜின் அதே வேகத்தில், டர்போ அழுத்தத்தைச் சேர்க்காமலே, 2,246 லிட்டர் காற்றைக் கேட்கும். அதற்காக வடிவமைத்த விசிறியை அதில் ஏழரையில் ஒரு பங்கு புகையால் சுழற்ற நினைப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுவது போன்றது. டர்போ சுழலும், ஆனால் அழுத்தம் எழாது. புகை வெளியேறும் வழியில் ஓர் அடைப்பாக அது உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இன்னும் சிறிய டர்போவைத் தேடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானின் 660 சி.சி. குட்டிக் கார்களுக்காகச் செய்த டர்போக்கள் இருக்கின்றன. சிறிய இன்ஜின்களில் சோதனை செய்பவர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் நாடுகிறார்கள். அவையும் உங்கள் இன்ஜினைப்போல் நான்கு மடங்கு பெரிய இன்ஜினுக்கானவை. அதைவிட முக்கியமான சிக்கல் ஒற்றைச் சிலிண்டரில் இருக்கிறது. 3,600 சுற்றில் ஒரு முழுச் செயல்சுழற்சிக்கு 33 மில்லிவிநாடி ஆகிறது. அதில் காற்றை உள்ளிழுக்கும் வீச்சு ஏறத்தாழ 8 மில்லிவிநாடிதான். மற்ற 25 மில்லிவிநாடியும் டர்போ தள்ளும் காற்று மூடிய வால்வில் முட்டிக்கொண்டு நிற்கிறது. புகை டர்போவைத் தள்ளும் நேரம் வேறு, சிலிண்டர் காற்றைக் கேட்கும் நேரம் வேறு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஏதேனும் ஒரு சிலிண்டர் எப்போதும் இழுத்துக்கொண்டிருப்பதால் இந்தத் தொல்லை அங்கே தெரிவதில்லை.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொறியாளர்கள், டர்போவுக்கும் வால்வுக்கும் இடையே காற்றைத் தேக்கிவைக்கும் கலன் ஒன்றை அமைத்து, ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினுக்கும் டர்போ கொடுக்க முடியும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கலனின் கொள்ளளவு இன்ஜினைப்போல் நான்கைந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணிப்பு. உங்கள் இன்ஜினுக்கு அது 650 முதல் 800 மில்லிலிட்டர், அதாவது ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைவிடச் சற்றுச் சிறிய கலன்.

இவ்வளவும் செய்து, அரை பார் கூடுதல் அழுத்தம் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி) கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். காற்றை அழுத்தினால் அது சூடேறும். 35 டிகிரி வெயிலில் இழுத்த காற்று, 60 சதவீதச் செயல்திறன் கொண்ட டர்போவிலிருந்து ஏறத்தாழ 98 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று லேசானது என்பதால் 50 சதவீத அழுத்தத்துக்குக் கிடைக்கும் கூடுதல் காற்று 25 சதவீதம்தான். இந்த வகையில் நன்கு அறியப்பட்ட ஹோண்டா ஜி.எக்ஸ். 160 இன்ஜினின் திறன் 3,600 சுற்றில் 4.8 குதிரைத்திறன். அது 6 ஆகலாம். அந்த ஏறத்தாழ ஒன்றேகால் குதிரைத்திறனுக்காக டர்போ, கலன், எண்ணெய்ப் பம்ப், சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்று செலவழிப்பதைவிட, ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள 150 சி.சி. பைக் இன்ஜின் ஒன்றைப் பொருத்துங்கள். டர்போ இல்லாமலே 8,500 சுற்றில் 14 குதிரைத்திறன் தரும். கியர்பெட்டியும் அதனுடனேயே வரும்.

கேள்வி: டர்போவுக்கு எண்ணெய் வேண்டும் என்கிறார்கள். பவர் வீடர் இன்ஜினில் அதை எங்கிருந்து எடுப்பது? – திண்டுக்கல் வாசகர்

பதில்: எடுக்க இடமே கிடையாது. இந்த இன்ஜினின் அடிப்பெட்டியைத் திறந்தால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் அலுமினியக் கனெக்டிங் ராடின் கீழ்மூடியில் கரண்டிக் காம்புபோல ஒரு சிறு நீட்சி தொங்குவதைக் காணலாம். ஒவ்வொரு சுற்றிலும் அது எண்ணெயில் தோய்ந்து, எண்ணெயைச் சுற்றிலும் வாரி அடிக்கிறது. எல்லாப் பாகங்களுக்கும் அந்தத் தெறிப்புதான் உயவு. எண்ணெய்ப் பம்ப் என்ற ஒன்றே இல்லை. மொத்த எண்ணெயும் அரை லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

நிமிடத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுழலும் டர்போவின் தண்டு, அழுத்தத்தோடு வரும் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. அந்தப் படலம் அறுந்தால் சில விநாடிகளில் உலோகத்தோடு உலோகம் உரசிவிடும். ஆகவே தனி எண்ணெய்த் தொட்டி, மின்பம்ப், வடிகட்டி ஆகியவை கட்டாயம். டர்போவிலிருந்து திரும்பும் குழாய் அகலமாகவும் இறக்கமாகவும் அமைந்து, எண்ணெய் தானாக வடிந்து தொட்டிக்குச் சேர வேண்டும். அது தேங்கினால், கசிவைத் தடுக்கும் சீலைத் தாண்டிச் சைலன்சருக்குள் இறங்கி வெண்புகையாக வெளியேறும்.

கேள்வி: கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? – நாமக்கல் வாசகர்

பதில்: முன்னால் வைத்தால் வேலை எளிது. ஆனால் மேலே சொன்ன கலன் முழுவதும் அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவையால் நிரம்பியிருக்கும். ஒருமுறை பின்தெறிப்பு (இன்ஜினிலிருந்து நெருப்பு பின்னோக்கிப் பாய்வது) ஏற்பட்டாலும் வண்டி ஓட்டுபவரின் தொடைக்கு அருகில் அது வெடிக்கும். எனவே இந்த அமைப்புக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் வைத்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவை அறையின் காற்றுத்துளையையும் கலனின் அழுத்தத்தோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் ஜெட் வழியே மேலேறாது. அப்படி இணைத்த பிறகு, டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோல் அரை பார் அழுத்தத்தை எதிர்த்து உள்ளே போக வேண்டுமானால், டேங்க் ஏழு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே அழுத்தப் பம்பும் தேவை.

கேள்வி: டர்போ வேண்டாம், கவர்னரை மட்டும் கழற்றிவிட்டால் வேகம் கூடுமல்லவா? – பெயர் வெளியிட விரும்பாத மாணவர், சேலம்

பதில்: தம்பி, இந்த ஒரு கேள்விக்காகவாவது இந்தப் பகுதியை எழுத வேண்டும் என்று நினைத்தேன். கவர்னர் என்பது இன்ஜினின் சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் பாகம். அதைக் கழற்றினால் வேகம் கூடும், அதுதான் ஆபத்து. வேகம் இரண்டு மடங்கானால் கனெக்டிங் ராடையும் ஃப்ளைவீலையும் (தண்டோடு சுழலும் கனமான சக்கரம்) பிய்த்தெடுக்கப் பார்க்கும் விசை நான்கு மடங்காகிறது. இந்த இன்ஜினின் ராட் வார்ப்பு அலுமினியம். அதில் தனி பேரிங் கிடையாது. ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. இரண்டும் 3,600 சுற்றை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

பட்டறை ஒன்றில் கவர்னர் கழற்றப்பட்ட இன்ஜின் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்தார்கள். அடிப்பெட்டியின் பக்கச் சுவரில் என் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. உள்ளே ராட் மூன்று துண்டாக, எண்ணெயில் அலுமினியப் பொடி மினுங்கக் கிடந்தது. அன்று யாருக்கும் காயமில்லை. உடைந்தது ஃப்ளைவீலாக இருந்திருந்தால் அதன் மெல்லிய தகட்டு மூடி எதையும் தடுத்திருக்காது. அமெரிக்காவில் இதே வகை இன்ஜின்களைச் சிறு பைக்குகளிலும் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டிகளிலும் ஓட்டிப் பழகியவர்கள், கவர்னரைத் தொடும் முன்பே முழுக்கட்டியில் கடைந்த ஃப்ளைவீலையும் உறுதியான ராடையும் மாற்றிவிடுகிறார்கள். அவை உங்களிடம் இல்லையென்றால் கவர்னரைத் தொடாதீர்கள். தயவுசெய்து.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் டர்போ பைக் செய்ததுண்டா? – மதுரை வாசகர்

பதில்: 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் நான்கு நிறுவனங்களும் செய்தன. ஹோண்டா சி.எக்ஸ். 500 டர்போ, யமஹா எக்ஸ்.ஜே. 650 டர்போ, சுசுகி எக்ஸ்.என். 85, கவாசாகி ஜி.பி.இசட். 750 டர்போ. ஹோண்டாவின் 497 சி.சி. இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் 82 குதிரைத்திறன் தந்தது. அதற்காக அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவை) 10-லிருந்து 7.2-ஆகக் குறைத்து, மின்னணு எரிபொருள் செலுத்தலையும் சேர்த்தார்கள். ஆக்சிலேட்டரைத் திருகிய பிறகு அழுத்தம் எழக் காத்திருக்க வேண்டியிருந்ததும், அதே வேகத்தை டர்போ இல்லாத பெரிய இன்ஜின் குறைந்த விலையில் தந்ததும் அந்த அலையைச் சில ஆண்டுகளில் ஓய்த்தன.

கேள்வி: டீசல் இன்ஜினில் செய்தால் எளிதா? – தஞ்சாவூர் விவசாயி

பதில்: எளிது என்று சொல்ல மாட்டேன், பொருத்தமானது என்று சொல்வேன். டீசலில் காற்று எவ்வளவு கூடினாலும் பெட்ரோலில் கேட்கும் நாக்கிங் (கலவை தானே பற்றி வெடித்துத் தட்டுவது) தொல்லை இல்லை, புகையும் குறையும். தொழில் இன்ஜினைப் பைக்கில் பொருத்துவதற்குச் சென்னையிலேயே முன்னுதாரணம் உண்டு. 1990களில் ராயல் என்ஃபீல்டு விற்ற டாரஸ் டீசல் பைக்கில் இருந்தது 325 சி.சி. கிரீவ்ஸ் லம்பார்டினி தொழில் இன்ஜின்தான். 6.5 குதிரைத்திறன், டர்போ கிடையாது, வேகமும் குறைவு. ஆனாலும் டீசல் சிக்கனத்துக்காக அதை விரும்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். நெதர்லாந்தில் செய்த டிராக் டி-800 பைக்கில், ஸ்மார்ட் காரின் 800 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ டீசல் இன்ஜினை வைத்தார்கள். உங்களுக்கு ஆர்வமிருந்தால், எண்ணெய்ப் பம்பும் தண்ணீர்க் குளிர்விப்பும் கொண்ட, குபோட்டா போன்ற மூன்று சிலிண்டர் சிறு டீசலில் தொடங்குங்கள். டர்போவுக்கு வேண்டிய எண்ணெயும் இடைவிடாத புகையோட்டமும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

கேள்வி: இப்படிச் செய்த வண்டியைச் சாலையில் ஓட்டலாமா? கல்லூரிப் போட்டிக்கு ஆகுமா? – கோவை பொறியியல் மாணவர்

பதில்: சாலையில் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். போட்டிகளில், பாஹா (மாணவர்கள் கட்டும் கரடுமுரடான பாதை வண்டிகளுக்கான போட்டி) வகையில் கொடுக்கப்படும் தொழில் இன்ஜினை மாற்றியமைக்க அனுமதியில்லை. மாணவர்கள் தாங்களே கட்டும் பந்தயக் கார்களுக்கான ஃபார்முலா மாணவர் போட்டியில் டர்போவுக்கு இடமுண்டு. ஆனால் பெட்ரோல் இன்ஜினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்றின் வழியே போக வேண்டும். உங்கள் குழு பைக் இன்ஜினைத் தேர்ந்தெடுத்து, கலனில் ஓர் அழுத்தமானியும் வால்வுக்கு முன் ஒரு வெப்பமானியும் பொருத்திச் சோதனை மேடையில் ஓட்டினால், கிடைக்கும் அளவுகளை எனக்கு எழுதுங்கள். மேலே போட்ட கணக்கோடு அவற்றை ஒப்பிட்டு இதே பகுதியில் வெளியிடுகிறேன்.