வெஸ்ட் ஆனப்பவே வரி புடிச்சாங்க, வித்ததுக்கு மறுபடியும் முழுசா கட்டணுமா?

கேள்வி: டெக்சஸ்ல ஒரு டெக் கம்பெனில வேலை பாக்கறேன், இன்னும் கல்யாணம் ஆகல, சம்பளம் 190,000 டாலர். 2024 மே மாசம் சேர்ந்தப்ப 4,000 ரெஸ்ட்ரிக்டட் ஸ்டாக் கொடுத்தாங்க, நான் காசு எதுவும் கட்டல, வருஷத்துக்கு 1,000 வெஸ்ட் ஆகும், அதாவது முழுசா என் சொந்தமாகும், நடுவுல வேலைய விட்டா மீதி போயிடும். அப்ப பிரைவேட் கம்பெனி, ஒரு ஷேர் 4 டாலர்னு மதிப்பு போட்டிருந்தாங்க. அப்புறம் லிஸ்ட் ஆயிடுச்சு. 2025 மே-ல முதல் 1,000 வெஸ்ட் ஆனப்ப விலை 60 டாலர், வரிக்குன்னு 297 ஷேர கம்பெனியே எடுத்துக்கிட்டு 703 குடுத்தாங்க. ஆகஸ்ட்ல 700 ஷேர 62 டாலருக்கு வித்துட்டேன். இப்ப ரிட்டர்ன் போட உக்காந்தா சாஃப்ட்வேர் இன்னும் 20,500 டாலர் கட்டுன்னு காட்டுது. கம்பெனி குடுத்த வருஷ சம்பள ஃபார்ம் டபிள்யூ-2-ல முதல் பாக்ஸ்ல 250,000 இருக்கு. ஒரே பங்குக்கு எத்தனை தடவ சார் கட்டறது? மீதி 3,000 ஷேருக்கு இப்பவாவது 83பி, அதான் வெஸ்ட் ஆகறதுக்கு முன்னாடியே வரி கட்டிடறேன்னு எழுதிக் குடுக்கறது, போடலாமா?

பதில்: முதல்ல ஒண்ணு, அந்த ரிட்டர்ன அப்படியே அனுப்பிடாதீங்க. அந்த 20,500-ல கிட்டத்தட்ட 15,850 டாலர் நீங்க கட்டவே வேண்டாத காசு. மிச்சம் 4,650 சொச்சம் நிஜமாவே கட்ட வேண்டியது. ரெண்டுக்கும் காரணம் வேற வேற, அதனால தனித்தனியா சொல்றேன்.

அமெரிக்க வரிச் சட்டத்துல 83-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, 1969-ல வந்தது. வேலைக்காக பங்கு குடுத்தா, அது கைய விட்டுப் போற ஆபத்து என்னைக்கு நீங்குதோ அன்னைக்கு இருக்கற விலை மொத்தமும் சம்பளம், நீங்க ஏதாவது காசு குடுத்து வாங்கியிருந்தா அத மட்டும் கழிச்சுக்கலாம். உங்க கேஸ்ல 1,000 ஷேர், 60 டாலர், ஆக 60,000 டாலர் சம்பளம். போனஸ் மாதிரியே இதுவும் டபிள்யூ-2-ல போகும், 190,000-ஓட 60,000 சேர்ந்துதான் அந்த 250,000. அதுல தப்பே இல்ல. மெடிகேர்ங்கற மருத்துவ வரிக்கான 5-வது பாக்ஸ்லயும் 250,000 இருக்கும், 3-வது பாக்ஸ் மட்டும் 176,100-ல நிக்கும், ஏன்னா 2025-க்கு சோஷியல் செக்யூரிட்டிங்கற ஓய்வூதிய வரிக்கு உச்சவரம்பு அவ்வளவுதான்.

இப்ப பங்கு வித்ததுக்கு புரோக்கர் அனுப்பற 1099-பி ஃபார்ம எடுங்க. 700 ஷேர் வித்தது 43,400 டாலர், அதுக்கு நேரா காஸ்ட் பேசிஸ், அதாவது வரிக் கணக்குக்கான அடக்க விலைங்கற இடத்துல பூஜ்யம்னு இருக்கும், இல்ல காலியா இருக்கும். புரோக்கர பொறுத்தவரைக்கும் நீங்க காசு குடுத்து வாங்கல, அதனால பூஜ்யம். சாஃப்ட்வேர் அத நம்பி மொத்த 43,400-ம் லாபம்னு எடுத்துக்குது, அதுவும் ஒரு வருஷத்துக்குள்ள வித்தது, அதனால ஷார்ட் டெர்ம், சம்பளத்துக்கு என்ன ரேட்டோ அதே ரேட்டு, அதுமேல 3.8 சதவீதம் முதலீட்டு வரி வேற. ஆனா உங்க உண்மையான பேசிஸ் ஷேருக்கு 60 டாலர், ஏற்கனவே சம்பளமா வரி கட்டின தொகைதான் அது. 700 ஷேருக்கு 42,000. நிஜ லாபம் வெறும் 1,400, அதுக்கு வரி சுமார் 500 டாலர். பூஜ்யத்த அப்படியே விட்டா அந்த 42,000 டாலருக்கு ரெண்டாவது தடவ வரி போகுது. எனக்கு இதுல ரொம்ப வருத்தமான விஷயம் என்னன்னா, இப்படி கூடுதலா கட்டினா உங்க டபிள்யூ-2-ஐயும் 1099-பி-யையும் பக்கத்துல வெச்சு பாத்து "நீ அதிகமா கட்டிட்ட"ன்னு வரித்துறையான ஐஆர்எஸ் சொல்லும்னு நம்பி உக்கார முடியாது, நீங்களேதான் கண்டுபிடிக்கணும்.

சரி பண்றது, பங்கு விற்பனைய எழுதற 8949 ஃபார்ம்ல. 1099-பி-ல 12-வது பாக்ஸ பாருங்க. அதுல டிக் இல்லன்னா பேசிஸ ஐஆர்எஸ்-க்கு புரோக்கர் சொல்லலன்னு அர்த்தம், நீங்க நேரா சரியான 42,000-ஐ போட்டுக்கலாம். டிக் இருந்தா அவங்க சொன்ன பூஜ்யத்த அப்படியே எழுதி, எஃப் கட்டத்துல பி-ங்கற குறியீட்ட போட்டு, ஜி கட்டத்துல மைனஸ் 42,000 போடணும். பூஜ்யத்த அடிச்சுட்டு மாத்தி எழுதினா ஐஆர்எஸ் கம்ப்யூட்டர்ல இருக்கற நம்பரோட ஒத்துப்போகாம நோட்டீஸ் வரும். ஆதாரத்துக்கு வெஸ்ட் ஆன தேதி பே ஸ்லிப்பும், விலை போட்ட வெஸ்டிங் ஸ்டேட்மெண்ட்டும் எடுத்து வெச்சுக்கோங்க. கம்பெனி எடுத்துக்கிட்ட 297 ஷேர் உங்களுக்கு 1099-பி-ல வந்திருக்காது, அது மார்க்கெட்ல விக்கல. உங்க கூட வேலை பாக்கறவங்கள்ல யாருக்காவது வரிக்காக ஷேர மார்க்கெட்லயே வித்திருந்தா அதுவும் அவங்க 1099-பி-ல வரும், அதுக்கும் இதே திருத்தம்தான்.

இப்ப அந்த 4,650. கம்பெனி பங்கு வருமானத்துக்கு 22 சதவீதம்னு தட்டையா புடிச்சிருக்காங்க, 13,200 டாலர், கூட சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45 சதவீதம், மொத்தம் 17,790, அதுக்குத்தான் 297 ஷேர் போச்சு. வருஷத்துல இந்த மாதிரி கூடுதல் சம்பளம் 10 லட்சம் டாலர் தாண்டாத வரைக்கும் 22-தான், தாண்டினதுக்கு 37. ஆனா 22-ங்கறது முன்பணம், உங்க வரி இல்ல. பொதுவா கிடைக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 போக, 401கே ஓய்வுகால சேமிப்பு மாதிரி வேற கழிவு எதுவும் இல்லன்னு வெச்சா, இந்த 60,000-ல 23,050 டாலருக்கு 24 சதவீதம், மிச்சம் 36,950-க்கு 32 சதவீதம். கூட்டினா 17,356. புடிச்சது 13,200. பற்றாக்குறை 4,156, லாபத்துக்கு 500 சேத்தா நான் சொன்ன தொகை வந்துடும். கம்பெனி மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, அவங்க விதிப்படிதான் புடிச்சிருக்காங்க. பெனால்ட்டி பயமும் வேணாம், சம்பளத்துக்கு சரியா புடிச்சிருந்தா மொத்த வரில 90 சதவீதத்துக்கு மேல ஏற்கனவே கட்டியாச்சு, கணக்கு போட்டா 91 வருது, மயிரிழைதான்.

83பி கேட்டீங்க. மன்னிக்கணும், அது முடிஞ்சுபோச்சு. பங்கு கைக்கு வந்த நாள்லேந்து 30 நாளைக்குள்ள போடணும், கெடு நீட்டிப்பே கிடையாது, 2024 ஜூன்லயே கதவு மூடிடுச்சு. அன்னைக்கு போட்டிருந்தா 4,000 ஷேருக்கும் சேத்து 16,000 டாலர் மட்டும் சம்பளமா காட்டி முடிச்சிருக்கலாம், அப்புறம் ஏறினதெல்லாம் விக்கும்போதுதான் மூலதன லாபம். கேக்க வயிறெரியும்னு தெரியும். ஆனா அதுல பெரிய ஆபத்தும் இருந்துச்சு, ஆறு மாசத்துல வேலை போயி ஷேர் திரும்பப் போயிருந்தா அந்த 16,000-க்கு கட்டின வரி போனது போனதுதான், நஷ்டம்னு கூட காட்ட முடியாது, நீங்க காசு குடுத்து வாங்கலையே. அதனால அன்னைக்கு போடாதது முட்டாள்தனம்னு நான் சொல்லமாட்டேன். இனிமே வேற கம்பெனில ரெஸ்ட்ரிக்டட் ஸ்டாக் குடுத்தா கையெழுத்து போட்ட அன்னைக்கே காலண்டர்ல குறிச்சுக்கோங்க, 15620-னு தனி ஃபார்மே இப்ப இருக்கு, ஒரு காப்பி கம்பெனிக்கும் குடுக்கணும். குடுக்கறது ஆர்எஸ்யூ-வா இருந்தா 83பி செல்லாது, அது பங்கே இல்ல, பின்னாடி தர்றேங்கற வாக்குறுதி மட்டும்தான்.

வெஸ்ட் ஆகாத 3,000 ஷேருக்கு டிவிடெண்ட் வந்தா அதுவும் சம்பளம்தான், டபிள்யூ-2-ல சேந்திருக்கும். அதே தொகை டிவிடெண்டுக்குன்னு வர்ற 1099-டிவ் ஃபார்ம்லயும் வந்தா அங்கயும் ரெண்டு தடவ எண்ணிடாம கழிச்சுக்கோங்க.

இந்த மே-ல அடுத்த 1,000 வெஸ்ட் ஆகுது இல்லையா, மறுபடியும் 22 சதவீதம்தான் புடிப்பாங்க. ஹெச்ஆர்-கிட்ட கேட்டு, எவ்வளவு வரி புடிக்கணும்னு சொல்ற டபிள்யூ-4 ஃபார்ம்ல நாலாவது படி சி-ல ஒவ்வொரு சம்பளத்துலயும் கூடுதலா ஒரு தொகை புடிக்க சொல்லுங்க, இல்லன்னா ஜூன் 15-க்குள்ள முன்கூட்டியே வரி கட்டற 1040-இஎஸ் ஃபார்ம் மூலமா நீங்களே கட்டிடுங்க. இந்த வருஷ ரிட்டர்ன ஏப்ரல் 15-க்குள்ள முடிக்க முடியலன்னா 4868 ஃபார்ம் போட்டு நேரம் வாங்கலாம், ஆனா அது ஃபார்ம் அனுப்பத்தான் நேரம், காசு கட்ட இல்ல, 4,650-ஐ அன்னைக்கே கட்டிடணும். முந்தின கம்பெனில இதே மாதிரி பங்கு வித்து பூஜ்ய பேசிஸோட ரிட்டர்ன் போட்டிருந்தா அதையும் எடுத்து பாருங்க, போட்ட தேதிலேந்து 3 வருஷம் ஆகலன்னா 1040-எக்ஸ்ங்கற திருத்தின ரிட்டர்ன் போட்டு அந்த காசையும் திருப்பி வாங்கிடலாம்.