வீட்டுக்குள் ஒரு கிளவுட், தடையில்லாத இணையம்: கேள்வி பதில்

போனில் இடம் தீர்ந்துவிட்டது. பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே சொந்த கிளவுட் அமைக்கலாமா, அண்ணா?

தாராளமாக. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, கோப்பு, நாட்காட்டி, தொடர்புகள் எல்லாம் வேண்டுமென்றால் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைப் போடுங்கள். படமும் வீடியோவும் மட்டும் போதுமென்றால் இம்மிச் என்ற மென்பொருள். முகங்களை அடையாளம் காணும் வேலையை அதுவே செய்வதால் ரேம் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், அதை அமைப்பில் மாற்றிவிடுங்கள். பேட்டரி நன்றாக இருந்தால் மின்சாரம் போகும்போது அதுவே யூபிஎஸ் மாதிரி காப்பாற்றும். ஆனால் லேசாக உப்பியிருந்தாலும் உடனே மாற்றுங்கள். இரவு பகலாக ஓடப்போகும் பெட்டி அது.

இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, இரண்டிலும் ஒரே தரவு பதியும்படி ரெய்டு 1 போட்டுவிட்டேன். இனி பேக்கப் கவலை இல்லைதானே?

இல்லை. இதை நான் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் நானே பட்டிருக்கிறேன். ஒருநாள் அவசரத்தில் தவறான ஃபோல்டரை அழித்தேன். இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று அச்சு அசலாகப் பின்பற்றியதால் இரண்டிலும் ஒரே நொடியில் போய்விட்டது. என் குழந்தையின் முதல் 2 வருடப் படங்கள் அதில் இருந்தன. அம்மாவின் போனில் நான் அனுப்பி வைத்த கொஞ்சம் மட்டும்தான் மிஞ்சியது.

ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. கைத்தவறு, வைரஸ், திருட்டு, தீ எதையும் அது தடுக்காது. 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு: மொத்தம் 3 பிரதி, 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. வெளியே வைப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் என்க்ரிப்ட் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) நகலெடுத்து உறவினர் வீட்டு அலமாரியில் வையுங்கள், மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள். அப்புறம், பேக்கப்பிலிருந்து நாலு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். இந்தச் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

என் இணைப்பு 300 மெகாபிட். ஆனால் வெளியூரிலிருந்து வீட்டு கிளவுடைத் திறந்தால் ஒரு வீடியோ இறங்க யுகமாகிறது. ஏன்?

300 என்பது உங்களுக்கு இறங்கும் வேகம். வெளியே இருந்து நீங்கள் எடுக்கும்போது உங்கள் வீடு ஏற்றுகிறது, அதனால் அங்கே அப்லோடு வேகம்தான் கணக்கு. பல இணைப்புகளில் அது மிகக் குறைவு. 20 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 2.5 மெகாபைட்தான் போகும். 500 ஜிகாபைட் படங்களை அந்த வழியில் வெளியே பேக்கப் அனுப்ப 2 நாளுக்கும் மேல், ஏறக்குறைய 55 மணி நேரம் ஆகும். இணைப்புத் திட்டம் எடுக்கும்போது அப்லோடு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். ஏறும், இறங்கும் வேகம் சமமாக உள்ள ஃபைபர் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுப்பேன்.

வயர் போட்டும் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. ரூட்டரை மாற்றணுமா?

வேண்டாம், பொறுங்கள். 94-ல் வந்து நிற்பது நல்ல தடயம். 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு கடைசியில் தரும் வேகம் அதுதான். கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் 8 கம்பியும் சேர வேண்டும். ஒன்று அறுந்தோ பிளக்கில் சரியாக உட்காராமலோ இருந்தால், இரு முனைச் சாதனங்களும் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும். கிகாபிட் தாங்கும் கேட்5இ வகைக் கேபிள் வேறொன்று மாட்டிப் பாருங்கள். அப்போதும் 94 என்றால், கேபிள் செருகும் போர்ட், ரூட்டரிலோ கணினியிலோ, 100-க்கு மட்டும் ஆனதா என்று பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுப் பெட்டிக்கு அனுப்ப ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் கிளவுட் திறக்கவில்லை, சார்.

ரூட்டர் காட்டும் வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தந்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் தொடங்கினால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். அங்கே போர்ட் (இங்கே கேபிள் துளை அல்ல, ரூட்டரில் இணையத்துக்குத் திறக்கும் வாசல்) திறந்தாலும் பயனில்லை.

திறக்க முடிந்தாலும் நான் திறக்கச் சொல்ல மாட்டேன். இணையத்தில் திறந்து கிடக்கும் போர்ட்டுகளை இடைவிடாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஏராளம். உங்கள் மென்பொருளில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், எல்லாப் படங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். டெயில்ஸ்கேல் என்ற செயலியைப் போடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் தொழில்நுட்பத்தின் மேல் கட்டிய தனிச் சுரங்கம் அது, சிஜிநாட்டையும் தாண்டி வேலை செய்யும். போனிலும் வீட்டுப் பெட்டியிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் பாதி வேலை முடிந்தது.

மாடி அறையில் வைஃபை எட்டவில்லை. பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் வாங்கலாமா?

முடிந்தால் மாடிவரை ஒரு கேபிள் இழுத்து அங்கே வைஃபை பரப்பும் ஒரு அக்சஸ் பாயின்ட் வையுங்கள். மெஷ்தான் என்றாலும் கருவிகளுக்கு இடையே வயர் இருந்தால் பலன் பல மடங்கு.

பேக்கப் ஓடும்போதெல்லாம் வீடியோ அழைப்பு திக்கித் திணறுகிறது.

அப்லோடு பாதை நிரம்பி வழிந்து, உங்கள் குரல் வரிசையில் காத்திருக்கிறது. ரூட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால் இயக்கி, அளந்து கண்ட அப்லோடு வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். அந்த வசதி இல்லையா, பேக்கப்பை இரவு 2 மணிக்கு ஓட வைத்துவிடுங்கள்.